பின்சீட்டு ஜகதாம்பாள்

பெங்களூரு ஜோகுபாளையத்தில் பைக் வைத்திருக்கும் ஆண்களில் ஜகதாம்பாள் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போகாதவர் யாரும் இல்லை. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும். நான் என்ன செய்ய, நடப்பது அதுதான். அவர் புருஷன் கோவிந்தப்பாவே வாசலில் நின்று, "பாத்து கூட்டினு போயி கூட்டினு வாப்பா" என்று வழியனுப்பி வைப்பார்.

அக்காவுக்கு எங்கள் தெருவில் வண்டிச் செயின் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். எதிர்வீடு என்னுடையது என்பதால் அந்த ஷட்டரைத் தூக்கும் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். போர்டில் கன்னடத்திலும் தமிழிலும் 'செயின் வேலை மட்டும்' என்று எழுதியிருக்கிறது. அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதுதான் அக்காவின் குணம். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்து நின்றால், "அது வேற டிபார்ட்மெண்ட்டு, அந்தாண்ட போ" என்பார். ஆயில் மாற்ற மாட்டார், பஞ்சர் பார்க்க மாட்டார். தொங்கும் செயினை இறுக்குவார், விறைத்ததைத் தளர்த்துவார், தேய்ந்துபோனால் முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுவார். "செயினை மட்டும் மாத்துங்கக்கா, மத்தது நல்லாத்தானே இருக்கு" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"ஆடுற பல்லை வெச்சினு புது முறுக்கு கேக்குறியா நீ? தடவிப் பாரு. எப்பிடி வளைஞ்சி கீது பாரு."

அந்த ஆள் தடவிப் பார்த்து, கையெல்லாம் கிரீஸோடு தலையை ஆட்டிவிட்டு முழு செட்டும் மாற்றிக்கொண்டு போவார்.

ஊரில் மற்றவர்கள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, காலியாக வைத்து, செயினை விரலால் தூக்கிப் பார்த்து இறுக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அது ஆகாது. ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி கீழே அமுங்கும், செயின் இன்னும் இறுகும். காலி வண்டியில் சரியாக இருந்தது கனம் ஏறியதும் விறைத்துப்போகும். அதனால் ஓட்டுகிறவர் உட்கார வேண்டும். வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரும் வந்து உட்கார வேண்டும். கூட வர ஆள் இல்லையென்றால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அக்காவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிடுவார். அப்புறம் ரவுண்டு. தெருமுனை, பழைய மெட்ராஸ் ரோடு, அல்சூர் பக்கம் ஒரு திருப்பம், மறுபடி கடை. வழியெல்லாம் செயின் இருக்கும் இடது பக்கம் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி வருவார். சத்தத்தில் திருப்தி இல்லையென்றால் வண்டியை மறுபடி பிரிப்பார்.

எனக்குக் கொஞ்சம் முன்கோபம். பெங்களூரு டிராஃபிக்கில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முன்கோபம் இல்லாவிட்டால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஹாரனில் வைத்த கட்டை விரலை நான் எடுப்பதே இல்லை என்று வீட்டில் குற்றச்சாட்டு உண்டு. முதல் ரவுண்டில் அக்கா பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"ரகு, நீ இப்பிடி ஒப்பாரி வெச்சா செயின் பேசறது எனக்கு எப்பிடிப்பா கேக்கும்?"

அன்றிலிருந்து அக்கா பின்னால் இருக்கும்போது மட்டும் நான் பரம சாது.

இத்தனை வண்டியைத் தொட்டவருக்கு ஒரு வண்டியும் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. அதனால்தான் சோதனை ஓட்டத்துக்கு வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்தார். நாங்களெல்லாம் அதை ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்த அன்று நான் சிரித்தேன். அக்கா கோபப்படாமல் கதையைச் சொன்னார்.

ஆஸ்டின் டவுனில் பிறந்த வீடு. அண்ணன்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். தங்கச்சியின் முறை வருவதற்குள் எப்போதும் இருட்டிவிடும். அந்தச் சைக்கிளின் செயினோ நினைத்த இடத்தில் கழன்றுகொள்ளும். கையில் கரி படும் என்று அண்ணன்கள் அருவருப்பார்கள். தங்கச்சி மாட்டிக்கொடுத்தால் கூலியாகக் கேரியரில் ஏற்றி ஒரு சுற்று. "அந்த ரவுண்டுக்காகவே எத்தினியோ வாட்டி நானே கழட்டி வுட்டுகீறேன்" என்றார் அக்கா. இப்படிக் கற்றுக்கொண்டது தொழிலாகிவிட்டது. ஹேண்டில் பாரைப் பிடிக்க மட்டும் கடைசிவரை யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கல்யாணமான பிறகு கோவிந்தப்பா இருந்தார். அவர் சிட்டி பஸ் டிரைவர். மார்க்கெட், கோவில், ஆஸ்பத்திரி எங்கே போவதானாலும் "ஏங்க, கூட்டினு போங்க" என்றால் வேலை முடிந்தது.

இதையெல்லாம் மாற்றியவள் ஸ்னேஹா. பார்சல் டெலிவரி செய்யும் பெண்கள் கொஞ்சம் பேர் எங்கள் பக்கத்தில் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறார்கள். பெரிய மூட்டைகளை ஏற்ற வசதி என்று எல்லாரும் ஓட்டுவது மொபெட். மொபெட்டுக்கு செயின் உண்டு, எனவே எல்லாரும் அக்காவின் வாடிக்கை. அதில் வாயாடி ஸ்னேஹாதான். ஒருநாள் மத்தியானம் டின் ஃபாக்டரி ஜங்ஷன் தாண்டி அவள் வண்டியின் செயின் அறுந்தது. அக்காவுக்குப் போன் செய்தாள். கோவிந்தப்பா டியூட்டியில் இருந்தார், நான் ஆபீசில். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றார். அந்த நேரத்தில் டின் ஃபாக்டரிக்கு எந்த ஆட்டோக்காரர் வருவார்? ஒருவழியாக ஒருவரைப் பிடித்து, ஜாமில் ஊர்ந்து, போய்ச் சேர்வதற்குள் வெயில் இறங்கிவிட்டது. ஸ்னேஹாவைச் சுற்றி ஆலோசனை சொல்ல ஒரு கும்பல். அதில் ஒரு புண்ணியவான் செயினைக் கல்லால் தட்டி, கெட்டதை இன்னும் கெடுத்து வைத்திருந்தார். ஸ்னேஹா அழுதுகொண்டிருந்தாள், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அந்த வாரமே குழுவின் பெண்கள் கடைக்கு வந்தார்கள். ரோட்டில் வண்டி நின்றால் உடனே வந்து பார்க்க ஒரு மெக்கானிக்கை நிரந்தரமாகப் பேசிவைக்கப்போகிறார்களாம். அவர்களுக்கு அக்காதான் வேண்டும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கும்பலுக்கு நடுவே ஒரு பெண் வந்து நின்றால் எவ்வளவோ தெம்பு என்றார்கள். ஆனால் ஆட்டோவுக்குக் காத்திருக்க முடியாது.

"நீங்க வண்டி ஓட்டினா நீங்கதான்க்கா. இல்லன்னா விக்கியத்தான் சொல்லணும், அவன்கிட்ட பைக் இருக்குது" என்றாள் ஸ்னேஹா. விக்கி நல்ல பையன்தான், தெருமுனையில் மெக்கானிக். அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

"தீபாவளி வரைக்கும் டைம் குடு" என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "ரகு, கையில வேலை கீது, போறதுக்குக் காலு இல்ல. அந்தப் பொண்ணு அழுதது கண்ணுலயே நிக்குது. இதை மட்டும் வுட மாட்டேன்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்கூட்டரில் கற்றுக்கொண்டால் சுலபம் என்று ஊரே சொன்னது. ஸ்கூட்டருக்கு உள்ளே இருப்பது பெல்ட். "செயின் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன். நாளைக்குக் கடையில எவன் மதிப்பான்?" என்று அக்கா ஒரு பழைய மொபெட்டை வாங்கினார். ஒருநாள் முழுக்க அதன் செயினைக் கழற்றிக் கழுவி, புது செட் மாட்டி, கோவிந்தப்பாவைப் பின்னால் உட்காரவைத்து இறுக்கம் பார்த்தார். வண்டி தயார். ஓட்டத்தான் ஆள் தயாரில்லை.

கற்றுக்கொடுக்க நான் நீ என்று போட்டி. இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து எங்களைத் திட்டியவரை முன்னால் உட்காரவைத்துத் திட்டும் வாய்ப்பை யார் விடுவார்? ஆனால் கோவிந்தப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விடிகாலையில் காலி மைதானத்தில் பாடம். அவரோ பஸ் ஓட்டிப் பழகியவர். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, "லெஃப்ட்ல ஸ்டாப் வருது, ஸ்லோ பண்ணு. பின்னாடி நீளம் கீது, அகலமா திருப்பு. கண்ணாடி பாரு, கண்ணாடி பாரு" என்று வாயை மூடவே மாட்டார். அக்கா அகலமாகத் திருப்பிச் சுவரில் மோதினார். இன்னொரு நாள் சாக்கடையில் இறங்கினார். முழங்காலில் பிளாஸ்டரோடு கடையில் உட்கார்ந்து, "இந்த மனுசன் வாய்க்கு ஒரு செயின் லாக் போடணும்" என்று புலம்பினார். மறுநாள் கோவிந்தப்பாவை வீட்டில் நிறுத்திவிட்டு ஸ்னேஹாவோடு போனார். ஸ்னேஹா ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் அக்காவுக்குப் பேலன்ஸ் வந்துவிட்டது.

லைசென்ஸ் டெஸ்டுக்கு நான்தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். சொந்த மொபெட்டின் இன்ஷூரன்ஸ் பேப்பர் கைக்கு வந்திருக்கவில்லை, அதனால் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரரின் மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டோம். அக்கா ஹெல்மெட் மாட்டி, சாமியைக் கும்பிட்டு, எட்டு போட இறங்கினார். முதல் வளைவு பிரமாதம். நடு வளைவில் பிரமாதத்துக்கும் மேலே. நான் கை தட்டப்போனேன். அப்போது அக்கா வண்டியை நிறுத்தினார். காலை ஊன்றினார். இறங்கினார். ஸ்டாண்ட் போட்டு, எட்டுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து செயினைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"யாக்கம்மா நில்ஸ்பிட்ரி?" ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்கிறார்.

"ஒந்து கண்ணி டைட் ஆகிதே சார். டிக் டிக் அந்தா சத்த பர்த்தாயிதே. கேள்ஸ்லில்வா?" ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது, சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா என்று அவரையே திருப்பிக் கேட்டார் அக்கா.

இன்ஸ்பெக்டர் செயினையும் பார்த்தார், ஊன்றிய காலையும் பார்த்தார். கால் ஊன்றினால் ஃபெயில். சட்டம் அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அடித்துத் தள்ளினேன். அக்கா முதுகில் தட்டவில்லை. அல்சூர் வந்ததும் மெதுவாக, "காதுல வுழுந்தப்புறம் எப்பிடி ரகு வுடறது" என்றார். திட்டலாம் என்று வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

தெருவில் ஒரு வாரம் இதே பேச்சு. சர்க்கஸில் சிங்கத்துக்குப் பல் பார்த்தது போல் நடு எட்டில் செயின் பார்த்த கதை காக்ஸ் டவுன் வரை போய்விட்டது. விக்கி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, அடுத்த வாட்டி உங்க வண்டியிலயே போங்க. அதுல சத்தம் வராதே" என்றான். போட்டிக்காரன் சொன்ன யோசனைதான் எல்லாவற்றிலும் நல்ல யோசனை. பேப்பர் வந்தது, சொந்த மொபெட்டில் போனார், செயின் ஒரு வார்த்தை பேசவில்லை, எட்டு முடிந்தது. இன்ஸ்பெக்டர் அக்காவை நினைவு வைத்திருந்தார். "ஹோகம்மா, ஹோகி" என்று சிரித்து அனுப்பிவைத்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. லைசென்ஸ் கையில் இருந்தும் அக்கா தெருவைத் தாண்டவில்லை. கடையிலிருந்து பால் பூத், பால் பூத்திலிருந்து கடை. பெரிய ரோட்டைப் பார்த்தாலே பிரேக்கைப் பிடித்துவிடுவார். நான்கூட, விக்கிக்குத்தான் போகப்போகிறது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் கேட்டை மறித்துக் காரை நிறுத்திய ஒருவரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் அடித்தது. ஸ்னேஹா. மறுபடி டின் ஃபாக்டரி, மறுபடி செயின். இந்த முறை அறுந்துவிடவில்லை, கழன்று பல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வண்டி நகரவே இல்லை. முன்னே பின்னே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது.

கோவிந்தப்பாவுக்கு அன்று ஓய்வுநாள். "இரு, நான் சட்டை போட்டுனு வரேன்" என்று உள்ளே போனார். சட்டையோடு வெளியே வந்தபோது அக்கா இல்லை. மொபெட்டும் இல்லை. தெருமுனையில் அவர் பெரிய ரோட்டுக்குள் திரும்பியதை நான் பார்த்தேன். கால் இரண்டும் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எந்த நேரமும் ஊன்றத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஊன்றவில்லை.

நான் சண்டையை விட்டுவிட்டேன். அந்தக் கார்க்காரரும் விவரம் கேட்டுக்கொண்டு எங்களோடேயே நின்றுவிட்டார். கோவிந்தப்பா கடையைப் பெருக்கினார். பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினார். "அந்த ஃப்ளைஓவர்கிட்ட லெஃப்ட்ல வெச்சினு போகணும். சொல்லலையே நான்" என்றார். போன் பண்ணலாம் என்றேன். "ஓட்டும்போது போன் எடுத்தா என்ன ஆவும்?" என்று என்னை அதட்டினார். பெரிய ரோட்டில் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

வெகுநேரம் கழித்துத் தெருமுனையில் ஒரு மொபெட் திரும்பியது. ஓட்டிவந்தது ஸ்னேஹா. பின்னால் அக்கா, இடது பக்கம் தலையைச் சாய்த்தபடி.

வண்டி கடை முன் நின்றது. அக்கா இறங்கி, திருப்தியாக, "இப்ப பேசல" என்றார். செயினைச் சொல்கிறார்.

"உன் வண்டி எங்க?" என்றார் கோவிந்தப்பா.

அக்கா திரும்பி ஸ்னேஹாவின் வண்டியைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். அக்கா டின் ஃபாக்டரிக்குத் தானே ஓட்டிப் போய்விட்டார். எந்த வம்பும் இல்லாமல், கூட்டம் பெரிசாவதற்குள். சிக்கிய செயினை எடுத்து, மாட்டி, சரி செய்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்கச் செய்ததையே செய்தார். ஸ்னேஹாவை ஏறச் சொல்லி, பின்னால் ஏறி உட்கார்ந்து, "எடு" என்றார். ஸ்னேஹா கொஞ்ச தூரத்தில், "அக்கா, உங்க வண்டி?" என்று கேட்டிருக்கிறாள். "ஷ், பேசாத. கேட்டுனு கீறேன்" என்றாராம். காதைக் கொடுத்தபடியே பழைய மெட்ராஸ் ரோடு முழுக்க வந்து, ஜோகுபாளையத்தில் இறங்கிவிட்டார். மொபெட் அங்கே ஓர் இளநீர்க்கடைப் பக்கத்தில், சாவி தொங்க நிற்கிறது.

தெரு சிரித்தது பாருங்கள், அந்தக் கார்க்காரர் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஆனால் வண்டி திருடு போய்விட்டால்? நான் என் பைக்கை ஸ்டார்ட் செய்தேன். முனையில் விக்கி ஸ்டார்ட் செய்தான். கோவிந்தப்பா, "ஏறு, ஏறு, நான் கூட்டினு போறேன்" என்று யாருடைய பைக்கையோ பிடித்து இழுத்தார். எல்லா வண்டியின் பின்சீட்டும் அக்காவுக்காகக் காலியாக இருந்தது.

அக்கா எதிலும் ஏறவில்லை. ஸ்னேஹாவின் பக்கம் கையை நீட்டினார்.

"சாவி குடு. நீ பின்னாடி உக்காரு."

ஸ்னேஹா சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அக்கா முன்னால் ஏறி, புடவையைச் செருகி, வண்டியைக் கிளப்பினார். எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் ஒரு கணம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, லாரிகளும் பஸ்களும் போகும் ரோட்டில் கலந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கார்க்காரரிடம் மறுபடி சண்டைக்குப் போனேன்.

மொபெட் பத்திரமாக இருந்தது. இளநீர்க்காரர் அதன்மேல் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில் முன்னும் பின்னுமாகத் தெருவுக்குள் வந்தபோது, ஸ்னேஹா வாசலிலேயே குழுவுக்குப் போன் போட்டு, "அக்காதான், வேற யாரும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள். விக்கி ஓடிப்போய் அக்காவுக்கு டீ வாங்கி வந்தான்.

கோவிந்தப்பா மட்டும் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கல்யாணமானதுல இருந்து எங்க போனாலும் கூட்டினு போங்கன்னு கேப்பா ரகு. இன்னிக்குக் கேக்கல பாத்தியா" என்றார். பெருமையா வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா டீயைக் குடித்துவிட்டு ஷட்டரை இறக்க வந்தார். கோவிந்தப்பா எழுந்து நின்றார். தினம் நூறு பேரை ஏற்றி இறக்குகிற மனிதர், தெருவே பார்க்க, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"நாளைக்குக் காலையில என்னை டிப்போவுல கொண்டாந்து வுடுறியா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வுடறேன். ஆனா பின்னாடி உக்காந்துனு வாயைத் தொறக்கக் கூடாது."

கோவிந்தப்பா சரி என்று தலையாட்டினார்.